மேசைப் பலகை ஏன் பிளந்தது? – தச்சு வேலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 3 அடி அகலத்தில் தேக்குப் பலகைகளை ஒட்டிச் சாப்பாட்டு மேசை செய்தேன். பலகையை, அடியில் கால்களை இணைக்கும் சுற்றுச்சட்டத்தோடு பசை போட்டு, ஸ்க்ரூவும் முடுக்கினேன். மழைக்காலத்தில் முடித்த வேலை. சித்திரையில் நடுவே பிளந்துவிட்டது. மரம் மட்டமா?

பதில்: மரத்தில் குறையில்லை, கட்டிய விதத்தில்தான். ஈரம் குறையும்போது பலகை அகலவாட்டில் சுருங்கும். நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது. தேக்கு குறைவாக அசையும் மரம்தான். ஆனாலும் 900 மி.மீ. அகலத்தில் ஈரம் 4 சதவீதம் குறைந்தால் 6 மி.மீ. வரை சுருங்கும். குறுக்கே போகும் சட்டத்தில் ரேகை (மரத்தின் நார் ஓடும் வாட்டம்) நீளவாட்டில் ஓடுவதால் அது அப்படியே நிற்கும். இழுபட்ட பலகை, பலவீனமான இடத்தில் கிழிகிறது.

பிளவில் மக்கு (மர இடுக்கை நிரப்பும் பசைக்கலவை) அடைக்காதீர்கள். மழையில் பலகை உப்பும்போது மக்கு நெருக்கி, வேறு இடத்தில் பிளக்கும். ஸ்க்ரூக்களைக் கழற்றி, பசைக்கோட்டை மெல்லிய வாளால் அறுத்துப் பலகையைப் பிரியுங்கள். வீட்டுக்குள்ளேயே, இரு பக்கமும் காற்றுப் படும்படி ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) மேல் இரண்டு வாரம் வையுங்கள். பிறகு பிளவின் வழியே அறுத்து, விளிம்புகளை இழைத்து மறுபடி ஒட்டுங்கள்.

பொருத்துவதற்கு மரப் பிடிக்கட்டைகள் போதும். சட்டத்தின் உள்முகத்தில் 10 மி.மீ. அகலக் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, கட்டையின் நாக்கை (முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) அதில் நுழைத்து, கட்டையைப் பலகையின் அடியில் ஸ்க்ரூ போடவேண்டும். இறுக்கும் முன் கட்டைக்கும் பலகைக்கும் நடுவே 1 மி.மீ. சந்து இருக்கட்டும், அப்போதுதான் அது பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்கும். கட்டையில் ரேகை, நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும் திசையில் ஓடவேண்டும், மாறினால் நாக்கு ஒடியும். நீளச்சட்டத்தில், கோடையில் பொருத்தினால் கட்டையின் தோள் (நாக்கு தொடங்கும் இடத்திலுள்ள படி) சட்டத்திலிருந்து 4 மி.மீ. விலகி நிற்கட்டும், மழைக்காலத்தில் ஒட்டியே வைக்கலாம். குறுக்குச்சட்டங்களின் நடுவில் மட்டும் ஒரு ஸ்க்ரூவை அசையாமல் முடுக்குங்கள். அசைவு இருபுறமும் சமமாகப் பிரியும்.

பாலிஷை அடிப்பக்கமும் அடிக்கவேண்டும். மேலே மட்டும் அடித்தால் ஒரு பக்கம் ஈரம் வேகமாக ஏறி இறங்கிப் பலகை வளையும். பலர் மிச்சம் பிடிப்பது இங்கேதான்.

கேள்வி: தேக்கில் பசை நிற்பதில்லையே?

பதில்: மரத்தின் எண்ணெய்தான் காரணம். புதிதாக இழைத்த முகத்தை அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, காய்ந்த உடனே ஒட்டுங்கள்.

கேள்வி: நாற்காலிக் கால் ஆடுகிறது. ஆணி அடித்தும் நிற்கவில்லை.

பதில்: ஆணி கழுந்தை (துளைக்குள் நுழையும் மரமுனை) பிளந்திருக்கும். பிடுங்கிவிட்டு இணைப்பைப் பிரியுங்கள். காய்ந்த வெள்ளைப் பசையின் மேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது; மரம் தெரியும்வரை சுரண்டவேண்டும். கழுந்து தானாகத் துளைக்குள் விழுந்தால், இரு கன்னத்திலும் அதே மரத்தின் மெல்லிய சீவலை ஒட்டி, காய்ந்தபின் உளியால் செதுக்குங்கள். கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) லேசாகத் தட்டினால் இறங்கும் அளவே சரி. மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பது இடத்தை நிரப்பும், பாரம் தாங்காது. கிளாம்ப் போட்டு, பசை ஈரமாக இருக்கும்போதே நாற்காலிச் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து சமமாக்கிவிட்டு, 24 மணி நேரம் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.