அந்தப் பெரியவரின் எச்.எம்.டி.யைப் பற்றி எப்படிக் கேட்பது?

கேள்வி: எனக்கு 29 வயது. கைக்கடிகாரம் என்றால் உயிர். பஸ், பேங்க், கல்யாண மண்டபம் என எங்கே போனாலும் ஆளின் முகத்துக்கு முன்பே மணிக்கட்டைப் பார்த்துவிடுகிறேன். போன வாரம் ஏ.டி.எம். வரிசையில் முன்னால் நின்ற பெண்மணி நான் பார்ப்பதைக் கவனித்து, கையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். கூசிப்போய்விட்டது. தினமும் என் பஸ்ஸில் வரும் ஒரு பெரியவர் பழைய எச்.எம்.டி. கட்டியிருக்கிறார். அதைப் பற்றி அவரிடம் பேசலாமா? விலைக்குக் கேட்கலாமா?
- வாசகர், கோவை.

பதில்: பேசலாம். விலைக்குக் கேட்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறோம். முதலில் அந்த ஏ.டி.எம். விஷயம்.

ஏ.டி.எம்.மில் ரகசிய எண்ணைத் தட்டும் கையிலேயே சிலருக்குக் கடிகாரமும் இருக்கும். நீங்கள் டயலைப் பார்த்தாலும் அவருக்கு அது எண்ணைப் பார்ப்பதாகத்தான் படும். பெண்களின் மணிக்கட்டில் கடிகாரத்தை ஒட்டியே வளையலும் இருக்கும், அங்கே ஒரு பார்வை நிலைத்தால் பயம் வருவது இயல்பு. அதனால் ஏ.டி.எம்., பணம் எண்ணும் இடம், யாராவது போனில் பின் நம்பர் போடும் நேரம் ஆகியவற்றில் கண்ணை முழுசாக எடுத்துவிடுங்கள். டயலை உள்பக்கமாகக் கட்டுபவர்களிடம் குனிந்து எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். தெரியாமல் போட்டோ எடுப்பது கூடவே கூடாது.

மற்ற இடங்களில் நீங்கள் அதிக நேரம் உற்றுப் பார்ப்பதற்குக் காரணம், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பிராண்டு பெயரைப் படிக்க முயல்வதுதான். ஓடும் பஸ்ஸில் அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கவே முடியாது. நொடி முள்ளைப் பாருங்கள், மூன்று நொடி போதும். நொடிக்கு ஒரு தடவை குதித்து நின்றால் பெரும்பாலும் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ். ஊர்ந்துபோவது போலிருந்தால் பெரும்பாலும் ஸ்பிரிங்கில் ஓடும் மெக்கானிக்கல். அதிலும் எச்.எம்.டி. ஜனதா மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து சிறு அடி. சற்றே நடுங்கி நடுங்கிப் போவது கண்ணுக்குத் தெரியும். 28,800 துடிப்புள்ள சுவிஸ் கடிகாரங்களில் நொடிக்கு எட்டு அடி என்பதால் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். ஊர்ந்தாலே விலை உயர்ந்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். புலோவா என்ற பிராண்டில் பேட்டரியில் ஓடியபடியே நொடிக்கு 16 அடி வைக்கும் குவார்ட்ஸும் உண்டு.

குதிக்கும் முள் இரண்டு நொடிக்கோ நான்கு நொடிக்கோ ஒரு முறை சேர்த்துக் குதித்தால், பல குவார்ட்ஸ்களில் பேட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம். முன்பின் தெரியாதவரிடம் தாராளமாகச் சொல்லக்கூடிய ஒரே விஷயம் இதுதான். தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டால் கசிந்து சர்க்யூட்டை அரித்துவிடும், அதனால் நன்றியோடுதான் கேட்டுக்கொள்வார்கள்.

பஸ்ஸில் நீங்கள் உட்கார்ந்திருக்க, கடிகாரம் கட்டியவர் மேல்கம்பியைப் பிடித்து நின்றால் டயல் தெரியாது, பக்கவாட்டுதான் தெரியும். அதுவும் நிறையச் சொல்லும். சாவித் திருகு 3 மணிக்கு நேராக இல்லாமல் 4 மணிப் பக்கம் இறங்கியிருந்தால் சீக்கோவாக இருக்க நல்ல வாய்ப்பு. கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்குக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டியதில்லை என்பதால் திருகை ஒதுக்கி வைத்தார்கள். கேஸ், அதாவது கடிகாரத்தின் வெளிக்கூடு, ஒரு நாணயம் போல மெலிந்திருந்தால் டைட்டன் எட்ஜாக இருக்கலாம். 2002-இல் வந்த அந்தக் கடிகாரத்தின் மொத்தக் கனமே 3.5 மி.மீ. ஓசூர்க்காரர்களின் அந்த வேலையைப் பார்க்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கிறது.

தேதிக்கு மேலே பூதக்கண்ணாடிக் குமிழ் இருந்தால் ரோலக்ஸ் என்று நினைக்காதீர்கள். ரோலக்ஸின் குமிழ் தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கும், எண் கட்டம் நிறையத் தெரியும். போலிகளில் பெரும்பாலும் எண் சிறுத்துக் கிடக்கும். கண்டுபிடித்தாலும் மனசோடு வைத்துக்கொள்ளுங்கள். "ஒரிஜினலா?" என்ற கேள்வியை யாரிடமும் கேட்கக் கூடாது. நிஜமாகவே விலை உயர்ந்ததாக இருந்தாலும் பஸ்ஸில் பெயரையும் விலையையும் உரக்கச் சொன்னால் கட்டியிருப்பவருக்குத்தான் ஆபத்து.

இனி பெரியவர். ஜனதா, பைலட், கோஹினூர் போன்ற எச்.எம்.டி. வகைகள் பலருக்கு மாமனார் கல்யாணத்தில் போட்டதாகவோ, முதல் சம்பளத்தில் வாங்கியதாகவோ இருக்கும். எச்.எம்.டி.யின் கடிகாரக் கம்பெனியை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்துவிட்டது. "விக்கிறீங்களா?" என்று கேட்ட மறுகணமே அவர் கண்ணில் நீங்கள் வியாபாரி. அதற்குப் பதில், "ஏனுங்கய்யா, இது சாவி கொடுக்கிற வாட்ச்சுங்களா?" என்று மட்டும் கேளுங்கள். விஷயம் தெரிந்தவன் கேட்கும் கேள்வி என்று அவருக்கே புரிந்துவிடும். பேச விருப்பமிருந்தால் மீதியை அவரே சொல்வார். "ஆமாங்க" என்று மட்டும் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

கழற்றிக் கொடுத்தால், பஸ் நிற்கும்போது, உட்கார்ந்து, மடிக்கு மேலே வைத்து வாங்குங்கள். திருகைத் தொடாதீர்கள். முழுச் சாவி ஏறிய கடிகாரத்தை மேலும் அழுத்தித் திருகினால் உள்ளே எதாவது ஒன்று உடையும். தேதி காட்டும் வகையாக இருந்தால் இரவு 9 மணியிலிருந்து 3 மணி வரை தேதியை மாற்றவே கூடாது, பற்சக்கரங்கள் கோத்திருக்கும் நேரம் அது. உங்கள் போன் மேல் வைத்துவிடாதீர்கள். ஸ்பீக்கரிலும் கவரிலும் உள்ள காந்தம், ஓட்டத்தைச் சீராக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகளை ஒட்டவைத்துவிட்டால் கடிகாரம் தாறுமாறாக வேகம் பிடிக்கும்.

கையில் வாங்கிப் பார்க்கும்போது, கேஸ் முழுக்கக் கீறலாக இருந்து டயல் மட்டும் பளிச்சென்று புதுசாக இருக்கிறதா, எழுத்துகள் தடித்திருக்கின்றனவா, நிமிடக் கோடு மணிக் குறியோடு சேராமல் விலகி நிற்கிறதா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் யாரோ டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று சொல்வது இதைத்தான். அவரிடம் சொல்ல வேண்டாம், அவருக்கு அது அதே கடிகாரம்தான்.

டயல் பழையதாகவே இருந்து, மங்கி, ஓரம் பழுத்திருந்தால் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள். கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்றாலோ, சாவி கொடுத்தும் ஒரு நாள் தாண்டவில்லை என்றாலோ, பெரும்பாலும் எண்ணெய் காய்ந்திருக்கும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "சுத்தம் பண்ணி எண்ணெய் மட்டும் போடுங்க, டயலை மாத்தாதீங்க, கேஸுக்கு பாலிஷ் போடாதீங்க" என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, பில்லிலும் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.