ஓடிக்கொண்டிருக்கும் ராக் சர்வரில் ஒரு பவர் சப்ளை போய்விட்டால் சர்வரை நிறுத்தாமல் மாற்றலாமா?

இரண்டு பவர் சப்ளை உள்ள, ஹாட் ஸ்வாப் வகை (ஓடும்போதே பாகத்தைக் கழற்றி மாற்றக்கூடிய) சர்வர் என்றால் தாராளமாக மாற்றலாம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் முறையாக ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஆனால் அவசரப்பட்டு யூனிட்டைக் குறை சொல்லாதீர்கள். ஆரஞ்சு விளக்கு எரிந்தாலோ விளக்கே எரியாவிட்டாலோ, முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், பிடியூவில் (ராக்கில் உள்ள சர்வர்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பட்டை) அந்த சாக்கெட்டுக்கு கரன்ட் வருகிறதா, பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் பல நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும். அப்புறம் மற்ற பவர் சப்ளையில் பச்சை விளக்கு எரிகிறதா என்று உறுதி செய்யுங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், நல்லதைத் தவறிப்போய்க் கழற்றினால் சர்வர் அந்த நொடியே அணைந்துவிடும்.

புதியது அதே பார்ட் நம்பர், அதே வாட் அளவாக இருக்கட்டும். வாட் வேறானால் பல சர்வர்கள் பொருந்தவில்லை என்று எரர் காட்டும். அது கைக்கு வரும்வரை பழுதானதைக் கழற்ற வேண்டாம், காலி இடம் உள்ளே காற்றோட்டத்தைக் கெடுக்கும்.

மாற்றுவது எளிது: கேபிளைப் பிடுங்கி, லாட்சை அழுத்தி, நேராக வெளியே இழுங்கள். புதியதை 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை தள்ளிவிட்டு கேபிளைச் செருகுங்கள். பச்சை விளக்கு வர சில நொடிகள் ஆகலாம். ஐடிராக் (டெல்), ஐலோ (எச்பி) போன்ற, சர்வரைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் நிர்வாகப் பக்கத்தில் ரிடன்டன்சி, அதாவது ஒன்று போனாலும் மற்றது தாங்கும் நிலை, திரும்பிவிட்டதா என்றும் பாருங்கள்.

சரி, இன்னொன்று: இரண்டு கேபிளும் ஒரே பிடியூவில் இருந்தால் இப்போதே வெவ்வேறு பிடியூவுக்குப் பிரித்துவிடுங்கள். பழைய யூனிட்டைத் திறக்க வேண்டாம், கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சம் இருக்கும்.