ஃபெரிக் குளோரைடும் ஜாம் பாட்டில் மூடியும்

கோத்தகிரியில், மின்சுற்றுப் பலகையில் (PCB) வேண்டாத செம்பை அரித்தெடுக்க வாங்கி ஜாம் பாட்டிலில் வைத்த ஃபெரிக் குளோரைடு கரைசல் தகர மூடியை அரித்து, பக்கத்திலிருந்த இடுக்கி, ஸ்குரூடிரைவர் எல்லாம் துருப்பிடித்துவிட்டது என்கிறீர்கள். குற்றம் பாட்டிலில் இல்லை, மூடியில். இந்தக் கரைசல் இரும்பைத் தின்னும். அதன் அமில ஆவி அலமாரிக்குள் மலை ஈரத்தோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குன்னூரில் என் டிரில் பிட்டுகளும் ஒரு மழைக்காலத்தில் இப்படித்தான் போயின.

தடித்த பிளாஸ்டிக் கேன், பிளாஸ்டிக் மூடி. அதை இன்னொரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நிறுத்தி, சமையலறைக்கு வெளியே பூட்டி வையுங்கள். குளிர்பான பாட்டில் வேண்டவே வேண்டாம். கரைசல் பார்க்க காப்பி டிகாக்‌ஷன் மாதிரியே இருக்கும். பெயரெழுதி ஒட்டுங்கள்.

குளிரில் பலகையில் செம்பு அரிபட ஒரு மணி நேரமாகிறது, கரைசலை அடுப்பில் வைக்கலாமா என்கிறீர்களா? கூடாது. கரைசலும் பலகையும் உள்ள பிளாஸ்டிக் தட்டை வெந்நீர் ஊற்றிய பெரிய தட்டுக்குள் வைத்து, 40 டிகிரி அளவில் மெதுவாக ஆட்டுங்கள். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் வேண்டும்.

அப்புறம், பயன்படுத்தி முடித்த கரைசலைத் தேயிலைத் தோட்டத்து ஓடையில் ஊற்றாதீர்கள். அதில் கரைந்திருக்கும் செம்பு மீனைக் கொல்லும். பெரிய வாளியில் விட்டு, சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் செம்பு சேறாகப் படியும். பொங்கும், நுரை அடங்கும்வரை மூடாதீர்கள். அந்தச் சேற்றைத் தனி டப்பாவில் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.