நவம்பர் 7 அட்டை

கேள்வி: என் மகன் பிறந்தது நவம்பர் 7. மேரி க்யூரி, சர் சி.வி. ராமன், கமல்ஹாசன் எல்லாரும் அதே நாளில் பிறந்தவர்களாமே! வீட்டில் ஒரே பெருமை. அந்த நாளில் அப்படி என்ன விசேஷம்? (ஒரு வாசகி)

பதில்: பெருமைப்படட்டும், தப்பில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர்ட் காம்யூவையும் (1913) சேர்த்துக்கொள்ளுங்கள். க்யூரி, ராமன், காம்யூ மூவரிடம் மட்டும் 4 நோபல். க்யூரி அம்மையார் இரண்டு வாங்கியவர்.

'இந்த நாளில்' பெட்டிச் செய்தி எழுதிய காலத்தில் தேதிக்கு ஓர் அட்டை வைத்திருந்தேன். நவம்பர் 7-க்கு முன்பக்கமும் நிரம்பி, பின்பக்கமும் நிரம்பி, ஓரத்தில் பொடி எழுத்தில் லீஸ் மைட்னர். அணுக்கருப் பிளவை விளக்கியவர். பலமுறை பரிந்துரைத்தும் நோபல் கிடைக்காதவர். வியன்னா பிறப்புப் பதிவேட்டில் அவருக்கு நவம்பர் 17 என்றிருக்கிறது. அவர் கொண்டாடியதோ 7.

அதே அட்டையில்தான் நான் சறுக்கினேன். ரஷ்யப் புரட்சி 1917 நவம்பர் 7. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ட்ராட்ஸ்கி பிறந்தது 1879 நவம்பர் 7. 'பிறந்த நாளன்றே ஆட்சியைப் பிடித்தவர்' என்று எழுதி அச்சுக்கும் அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு தபால் அட்டை வந்தது. வணக்கம்கூட இல்லை, சிவப்பு மையில் வெறும் கணக்கு.

ரஷ்யாவில் அப்போது புழங்கியது பழைய ஜூலியன் காலண்டர். அதன்படி ட்ராட்ஸ்கி பிறந்தது அக்டோபர் 26. புரட்சி நடந்தது அக்டோபர் 25. (அக்டோபர் புரட்சி என்ற பெயர் வந்ததே அதனால்தான்.) அன்று அங்கே சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தால், அவருக்குப் பிறந்த நாள் மறுநாள்! பிறகு எப்படி இரண்டும் நவம்பர் 7 ஆயின? 1879-ல் இரு காலண்டர்களுக்கும் 12 நாள் வித்தியாசம். 1900 ஜூலியனில் லீப் வருடம், நம்முடையதில் இல்லை. ஆக, 1917-க்குள் வித்தியாசம் 13 ஆகிவிட்டது. 26-லிருந்து 12 நாள் தள்ளினாலும், 25-லிருந்து 13 நாள் தள்ளினாலும் போய் நிற்பது ஒரே இடத்தில். நான் எழுதியது சரியா, தப்பா என்று இன்றுவரை எனக்குள் வழக்கு நடக்கிறது. அந்தத் தபால் அட்டை நவம்பர் 7 அட்டையோடு குண்டூசி குத்தியபடியே இருக்கிறது.

விசேஷம் கேட்டீர்களே? உலகத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அன்று பிறந்த நாள். அட்டையில் ஏறியவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம்.

மகனுக்கு என் வாழ்த்துகள். பிறப்புச் சான்றிதழில் 7 தானா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.