தாய்மாமாவின் ரெண்டு வட்டியில் ஜெர்மனி சேவையா?

கேள்வி: வயது 23. பி.இ. முடித்து எட்டு மாதமாகக் கோவையில் வேலை. கைக்கு 21,000 ரூபாய் வருகிறது. கல்விக்கடன் 4 லட்சம். தவணை தொடங்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் ஓராண்டு தன்னார்வச் சேவை செய்ய ஆசை. ஏஜென்ட் 3.75 லட்சம் கேட்டார். 25,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். அக்கா கல்யாணத்துக்கு அடகு வைத்த அம்மாவின் நகை மீது, தங்கம் விலை ஏறியிருப்பதால் இன்னும் 2 லட்சம் தரலாம் என்கிறார்கள் வங்கியில். மீதி 1.5 லட்சத்தைத் தாய்மாமா ரெண்டு வட்டிக்குத் தருவதாகச் சொல்கிறார். மாமாவிடம் வாங்குவதா, லோன் ஆப்பில் வாங்குவதா? ஸ்மால்கேப் ஃபண்டில் மாதம் 3,000 எஸ்.ஐ.பி. போகிறது, அதைத் தொடரலாமா? எதைச் செய்தாலும் பயமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மாமாவா, ஆப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஜெர்மனி இல்லை. அம்மாவின் நகை பற்றிய அந்த ஒரு வரிதான். அக்கா கல்யாணம் முடிந்தும் நகை வீட்டுக்கு வரவில்லை. வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இப்போது விலை ஏறியதும், ஏறிய அளவுக்கு மேலும் வாங்கலாம் என்கிறார்கள். தங்கம் ஏறியதால் உங்கள் வீட்டுக்கு வந்த ஒரே நன்மை அந்த நகையைச் சுலபமாக மீட்கலாம் என்பதுதான். அதையும் கடனாக்கிவிட்டால், விலை இறங்கும் நாளில் வங்கியிலிருந்து போன் வரும். அதை எடுக்கப் போவது ஜெர்மனியில் இருக்கும் நீங்கள் இல்லை, அம்மா.

கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். நகை மீது 2 லட்சம், 9 சதவீதம் என்றால் வருடத்துக்கு 18,000. மாமாவின் ரெண்டு வட்டி மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. (ரெண்டு என்று கேட்கும்போது சின்னதாகத்தான் இருக்கும், வருடத்துக்கு அது 24 சதவீதம்.) கல்விக்கடனில் படித்த காலத்து வட்டியும் சேர்ந்து, தவணை தொடங்கும்போது 5.4 லட்சம் அளவில் நிற்கும். 10 சதவீதம், பத்து வருடம் என்று வைத்தால் மாதம் சுமார் 7,100. நான்கு மாதத்தில் அது தொடங்கிவிடுவதால், இப்போதே கிளம்பினாலும் அந்த ஓராண்டில் எட்டுத் தவணை, 57,000. அசல் மூன்றரை லட்சத்தோடு கூட்டினால் 4.6 லட்சம்.

வரவு? ஜெர்மனியின் தன்னார்வச் சேவையில் தருவது சம்பளம் இல்லை, கைச்செலவுப் பணம். அதற்குச் சட்டப்படி உச்சவரம்பும் உண்டு. தங்குமிடமும் சாப்பாடும் போக 400 யூரோ கிடைத்தால் நல்ல இடம். ஒரு யூரோ 100 ரூபாய் என்றே வைப்போம், 40,000. பஸ், போன், குளிருக்குத் துணி, அவ்வப்போது வெளியே ஒரு சாப்பாடு எல்லாம் போக 15,000 மிச்சம் பிடித்தாலே நீங்கள் கெட்டிக்காரி. வருடத்துக்கு 1.8 லட்சம். பள்ளம் 2.8 லட்சம். அதை அடைக்க நகையை மறுபடி திருப்பி வைப்பீர்கள்.

“போனால் அங்கேயே செட்டில் ஆகிவிடலாம்” என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். சேவைக்குத் தரும் விசா சேவைக்குத்தான். அங்கிருந்தபடி தொழிற்பயிற்சிக்கு மாறுகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தனியாக இடம் தேட வேண்டும், மொழியும் நன்றாக வர வேண்டும். அதை நம்பி இன்று கடன் வாங்க முடியாது.

அந்த 3.75 லட்சம் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற முகவர்களே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்று நம் நாட்டில் வரம்பு இருக்கிறது. ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு விண்ணப்பம் முதல் தேர்வு வரை எதற்கும் காசு வாங்குவதில்லை. வாழ்க்கைச் செலவுக்கான தொகையையும் அதுவே தருகிறது. 18 முதல் 26 வயது வரையுள்ளவர்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு, அதையும் பாருங்கள். ஜெர்மனியில் காரித்தாஸ், டியாகோனி, ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற தொண்டு அமைப்புகள் தன்னார்வலர்களை நேரடியாகச் சேர்க்கின்றன. மருத்துவக் காப்பீட்டுக்கான சந்தாவைச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பே கட்டுகிறது. உங்களிடம் அவர்கள் முக்கியமாக எதிர்பார்ப்பது ஜெர்மன் மொழி. முதியோர் இல்லத்தில் பாட்டி வலிக்கிறது என்று சொன்னால் உங்களுக்குப் புரிய வேண்டும். ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அதை அவர் உங்களுக்காகப் படிக்க முடியாது.

ஏஜென்ட் இல்லாமல் போக விசாவுக்கு 75 யூரோ, விமானம் 45,000, மொழி வகுப்பும் தேர்வும் 50,000, துணிமணி 20,000 என்று போடுங்கள். 1.25 லட்சத்துக்குள் முடியும். ஹாஸ்டல், இதர செலவு 10,000 போக உங்களிடம் மாதம் 11,000 நிற்க வேண்டும். தவணை தொடங்கும் வரை நான்கு மாதத்தில் 44,000. பிறகு மாதம் 4,000 வீதம் பதினான்கு மாதத்தில் 56,000. எஸ்.ஐ.பி.யில் இருக்கும் 24,000-மும் சேர்ந்தால் ஒன்றரை வருடத்தில் பணம் தயார். அப்போது உங்களுக்கு இருபத்தைந்தை ஒட்டித்தான் வயது இருக்கும். ஜெர்மனியில் ‘சமூக சேவை ஆண்டு’ என்று சொல்லும் இந்தச் சேவைக்கு 27 வயதுக்கு உட்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம். அங்கே மிச்சம் பிடிக்கும் 15,000-ல் கல்விக்கடன் தவணையும் ஓடிவிடும். அதை மட்டும் தவறவிடாதீர்கள். அப்பா உங்களோடு கையெழுத்துப் போட்டிருப்பார். தவணை நின்றால் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் விழும்.

ஸ்மால்கேப்பை, அதாவது சிறிய நிறுவனப் பங்குகளில் போடும் அந்த ஃபண்டை, இன்றே நிறுத்துங்கள். ஒன்றரை வருடத்தில் தேவைப்படும் பணத்துக்கு அது இடமே இல்லை. யூடியூபில் அதைப் புகழ்கிறவர்கள் யாரும் உங்கள் கல்விக்கடன் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்ததில்லை. வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி. போதும்.

மாமாவிடம் “பயணம் ஒன்றரை வருடம் தள்ளிப்போகிறது, பணம் வேண்டாம்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அம்மாவைச் சொல்ல விடாதீர்கள். கொடுத்த 25,000-ஐ எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், ரசீது இருந்தால் இணையுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். வராமலே போனாலும் 25,000-தான் நஷ்டம். அதைக் காப்பாற்ற இன்னொரு மூன்றரை லட்சத்தைக் கொண்டுபோய்க் கட்டாதீர்கள்.