"சின்னவன் வீட்டோடு இருக்கட்டும்": ஓர் அம்மாவுக்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா,

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஐயாவும் பிளஸ் டூ முடித்த உங்கள் சின்னவனை, நம் தம்பியை, அழைத்துக்கொண்டு வந்து போனபிறகு எழுதிய கடிதம் கிடைத்தது. அவன் பக்கத்தில் இருந்ததால் அன்றைக்குச் சொல்லத் தயங்கியதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பெரியவன் சிங்கப்பூர் போய்விட்டான், நடுவன் சென்னையில் இன்ஜினீயர், மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. எங்களுக்கென்று ஒருவன் வேண்டாமா என்கிறார் ஐயா. உங்களுக்கோ, படிப்பு ஏறாதவனைத் தென்னந்தோப்பில் விட்டுவிட்டார்கள் என்று ஆலங்குடிப் பக்கம் சொந்தபந்தமெல்லாம் பேசுமே என்ற பயம். அவர் நினைப்பதும் நியாயம், நீங்கள் பயப்படுவதும் நியாயம். ஆனால் இரண்டிலும் தம்பி என்ன நினைக்கிறான் என்பதற்கு இடமில்லை.

அன்றைக்கு நான் அவனிடம் கேட்ட கேள்விகளுக்கு முதல் அரைமணி நேரம் நீங்கள் இருவரும்தான் பதில் சொன்னீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. கடைக்குட்டி இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. மூத்தவனுக்கு என்ன படிப்பு என்று வீடே கூடிப் பேசுகிறது. இளையவனின் முறை வரும்போது வீட்டுக்கு என்ன குறைகிறதோ அதை நிரப்ப அவனை நிறுத்திவிடுகிறோம்.

"மோட்டார் கொட்டகையே கதி என்று கிடக்கிறான்" என்று நீங்கள் சலித்துக்கொண்டபோதுதான் அவன் முகம் மாறியது. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். நினைவிருக்கிறதா? நீங்கள் அதைக் கணக்கு நோட்டு என்று நினைத்திருந்தீர்கள். ஒன்றரை வருடமாக, மோட்டார் ஓடிய ஒவ்வொரு நாளும் அது எத்தனை மணி நேரம் ஓடியது, ஸ்டார்ட்டர் பெட்டியில் எத்தனை ஆம்பியர் காட்டியது என்று நீலப் பேனாவால் வரிசையாக எழுதி வைத்திருக்கிறான். சித்திரையில் 13 காட்டிக்கொண்டிருந்தது 9-க்கு இறங்கிய இடத்தில் சிவப்புக் கோடு. "தண்ணீர் கீழே போய்விட்டது சார். மோட்டாருக்கு இழுக்கிற பாரம் குறைந்தால் ஆம்பியரும் குறையும். அப்படியே ஓடவிட்டால் சூடேறிப் போய்விடும். அதனால்தான் அன்றைக்கு அப்பாவிடம் சொல்லாமல் நிறுத்தினேன்" என்றான். தண்ணீர் பாய்ச்சாமல் சோம்பிப் படுத்துவிட்டான் என்று அவன் திட்டு வாங்கியது அந்த நாளுக்குத்தானாம். மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒன்று போய்விட்டால் மோட்டார் எப்படி உறுமும் என்று வாயாலேயே செய்து காட்டினான். அந்தச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அணைத்ததால் மோட்டார் எரிந்து காயில் (கம்பிச் சுருள்) கட்டும் செலவு இரண்டு முறை மிச்சமாகியிருக்கிறது. ஐயா அப்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்று நம்புகிறேன்.

படிப்பு ஏறாத பிள்ளை செய்கிற வேலையா இது? கவனிப்பது, அளப்பது, எழுதி வைப்பது, காரணம் தேடுவது: ஆய்வுக்கூடத்தில் கற்றுக்கொடுக்க வேண்டிய பழக்கம் அவனுக்குக் கொட்டகையிலேயே வந்திருக்கிறது. 600-க்கு 412 எடுத்ததை வைத்து அவனை அளக்காதீர்கள்.

இனி படிப்புக்கு வருகிறேன். நடுவனுக்கு முதல் பட்டதாரி சலுகை வாங்கிவிட்டோம், இவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பாதிதான் சரி. அந்தச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான். ஆனால் தம்பி ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவன். பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்கல்விப் படிப்புகளில் அப்படிப் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அண்ணன் சலுகை வாங்கியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எதில் சேர்ந்தாலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் வங்கிக் கணக்குக்கே வரும். அது 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அண்ணனிடம் கை நீட்ட வேண்டியதில்லை. கடைசிப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

அவனுக்கு மிகவும் பொருந்துகிற பட்டப்படிப்பு எது என்று கேட்டால் வேளாண் பொறியியல் என்பேன். பம்பு, சொட்டுநீர், பண்ணைக் கருவிகள் எல்லாம் அதற்குள் வரும். நான்கு வருடப் படிப்பு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கோயம்புத்தூரிலும், உங்களுக்குப் பக்கத்தில் திருச்சி மாவட்டம் குமுளூரிலும் இருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும்; படித்திருக்கிறான். ஆனால் அங்கே போட்டி கடுமை. அவன் மதிப்பெண்ணுக்குக் கிடைப்பது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. விண்ணப்பம் போடத் தவறாதீர்கள், அதையே நம்பியும் இருந்துவிடாதீர்கள்.

நான் மனதார உங்களுக்குச் சொல்வது பாலிடெக்னிக். பிளஸ் டூ முடித்தவன் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மின்னியல் பிரிவில் சேர்ந்தால் இரண்டே வருடத்தில் டிப்ளமோ கையில் இருக்கும். அரசுக் கல்லூரியில் கட்டணம் உங்களால் தாங்கக்கூடியதுதான். காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்புகிற தூரத்தில் கிடைத்தால் தோப்பையும் பார்த்துக்கொள்வான். டிப்ளமோ முடித்தபின் ஆசையிருந்தால் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர அப்போதும் வழி இருக்கிறது. அதாவது இன்றைக்கே அவன் வாழ்க்கை முழுவதையும் முடிவு செய்யத் தேவையில்லை. இருபது வயதில் இன்னொரு முறை யோசிக்க இடம் வைக்கிற படிப்பு இது. ஐடிஐயில் எலக்ட்ரீசியன் பிரிவும் நல்லதுதான், அதுவும் இரண்டு வருடம்தான். ஆனால் பிளஸ் டூ படித்த பிள்ளைக்கு அதே இரண்டு வருடத்தில் டிப்ளமோ கிடைக்கும்போது அதைத்தான் முதலில் முயல வேண்டும்.

தோப்பை அடமானம் வைத்துத் தனியார் கல்லூரியில் ஏதாவது ஒரு இன்ஜினீயரிங் வாங்கித் தரலாம் என்ற யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அண்ணன் படித்ததால் தம்பியும் படிக்க வேண்டும் என்பது ஒரு காரணமே இல்லை. பணம் உண்மையிலேயே தேவைப்பட்டால், 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்து அடமானம் கேட்பதில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும்.

இப்போது ஐயாவிடம் பேச வேண்டியதைச் சொல்கிறேன். படிப்பைவிட எனக்கு இதில்தான் கவலை அதிகம்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிவதற்குள் கஜா புயல் உங்கள் தோப்பைச் சாய்த்துவிட்டுப் போனது. அதனால் ஏறிய கடனை அடைக்கத்தான் பெரியவன் சிங்கப்பூர் போனான். அப்போது சின்னவனுக்குப் பத்து வயது. அதன்பிறகு நட்ட 120 கன்றுகளுக்கும் பள்ளி விட்டு வந்து தண்ணீர் விட்டவன் அவன்தான் என்று நீங்களே சொன்னீர்கள். அந்த மரங்கள் இப்போது பாளை விடுகின்றன. அவன் வீட்டோடு இருப்பதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. விருப்பத்தோடு இருந்தால் அவனைவிடப் பொருத்தமான விவசாயி உங்களுக்குக் கிடைக்கமாட்டான். எந்த ஏற்பாட்டில் இருக்கப்போகிறான் என்பதுதான் என் கேள்வி.

மகளுக்கு வழி கேட்டு என்னிடம் வந்த ஒருவர் தன் கதையைச் சொன்னார். அவரும் கடைசிப் பிள்ளை. பத்தாம் வகுப்போடு நின்று இருபது வருடம் அப்பாவின் வயலைப் பார்த்தார். சாப்பாடு, துணி, திருவிழாவுக்குக் கைச்செலவு. சம்பளம் என்று ஒன்று கிடையாது. அப்பா போனபிறகு அண்ணன்மார் பாகம் பிரிக்க வந்தார்கள். அவர் போட்ட ஆழ்துளைக் கிணறு, வைத்த மரம், கட்டிய தொட்டி எல்லாம் பொதுச் சொத்தாகிப் பங்காயின. "அவர்கள் கெட்டவர்கள் இல்லை சார். நான் உழைத்ததற்குக் கணக்கு இல்லை, அவ்வளவுதான்" என்றார். பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் மாப்பிள்ளைக்கு என்ன வருமானம் என்று கேட்டபோது சொல்ல ஒரு தொகை இல்லாமல் நின்றாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது.

உங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகள். 2005-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகன்களுக்குச் சமமான உரிமை இருக்கிறது, கல்யாணமாகிவிட்டாலும்கூட. ஆகவே "தோப்பு உனக்குத்தானே" என்று தம்பியிடம் வாய் வார்த்தையாகச் சொல்லாதீர்கள். தர முடியாததைச் சொல்லி ஒரு பிள்ளையைக் கட்டிப்போடக் கூடாது. பெரியவன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது நான்கு பேரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். தேங்காய் வெட்டு ஒவ்வொன்றிலும் செலவு போக இத்தனை பங்கு தோப்பைப் பார்த்துக்கொள்பவனுக்கு என்று முடிவு செய்து, அதை அவன் கணக்கில் போடுங்கள். அவன் சொந்தப் பணத்தில் ஏதாவது போட்டால் தேதியோடு எழுதி வையுங்கள்; எழுதுவதில் அவனுக்குப் பழக்கம் இருக்கிறது. உங்கள் இருவரின் மருத்துவச் செலவில் அண்ணன்மார் பங்கு என்ன என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். பணம் அனுப்புகிற பிள்ளை, பக்கத்தில் இருக்கிற பிள்ளை இருவருமே உங்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள்தான். ஒருவன் பாரம் கண்ணுக்குத் தெரிகிறது, மற்றவன் பாரம் தெரிவதில்லை.

டிப்ளமோ முடித்து வேறு ஊரில் வேலை கிடைத்துப் போக விரும்பினால் அவன் போகலாம் என்பதையும் ஐயா தன் வாயால் சொல்ல வேண்டும். போகக்கூடாது என்று கட்டிவைத்த பிள்ளை தோப்பில் நின்றாலும் மனம் பஸ் நிலையத்தில்தான் நிற்கும். போகலாம் என்று தெரிந்தும் தங்குகிறவன்தான் மரத்தை மரமாகப் பார்ப்பான்.

உடனே செய்ய வேண்டியவை சில. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்ததற்குத் தலைமை ஆசிரியரிடம் வாங்கும் சான்று, ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் இந்த வாரமே தயார் செய்யுங்கள். சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் கடைசி நேரத்தில் கூட்டம் அலைமோதும். கல்லூரி திறப்பதற்குள் ஒரு நாள் தம்பி வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்வரட்டும். உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். சொட்டுநீர் மானியம் பற்றியும் அவனே கேட்டு வரட்டும். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம் உண்டு. அந்த விண்ணப்பத்தை அண்ணன்மார் யாரும் நிரப்ப வேண்டாம், அவன் நிரப்பட்டும்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள். ஐயாவையும் கண்டிப்பாக அழைத்து வாருங்கள். அதற்கு முன் ஒரு நாள் சாயங்காலம் அவர் கொட்டகைக்குப் போய், அந்த நோட்டில் சிவப்புக் கோடு போட்ட பக்கத்தைத் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வரட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்