கைட்டன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகள் எம்.பி.பி.எஸ். முதலாண்டு. காட்பாடியில் பழைய புத்தகக் கடையில் கைட்டனின் உடலியல் நூல், 1981ல் வந்த ஆறாம் பதிப்பு, மலிவாகக் கிடைத்தது. ‘நோட்ஸ் போதும்ப்பா’ என்று தொடவே மாட்டேன் என்கிறாள். வாங்கியது வீண்தானா? அப்படி என்ன பெரிய புத்தகம் அது?

எஸ்., குடியாத்தம்

அன்புள்ள எஸ்.,

வீணில்லை. நோட்ஸ் சண்டை உங்கள் வீட்டு விவகாரம், விடுங்கள். ஆனால் அந்தக் கடைசி வரி இருக்கிறதே, அதற்குத்தான் கோபம் வந்தது.

ஆர்தர் கைட்டன் இதய அறுவை நிபுணராக வந்திருக்க வேண்டியவர். 1946ல் பயிற்சிக் காலத்திலேயே இளம்பிள்ளைவாதம் தாக்கி வலது காலும் இடது கையும் தோள்களும் விழுந்துவிட்டன. கத்தி பிடிக்க முடியாது. மிசிசிப்பிக்குத் திரும்பி உடலியல் வாத்தியாரானார். 1956ல் முதல் பதிப்பு. எட்டாம் பதிப்புவரை தனியாளாகவே எழுதினார். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும் சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய வேலூர் டாக்டர் மேரி வர்கீஸின் ஊர்ப்பக்கத்துக்காரர் நீங்கள். இதை நான் சொல்லவேண்டியதில்லை.

தனியாள் என்பதுதான் விஷயம். நான் பி.காம். படித்த காலத்தில் சத்துவாச்சாரியில் என் அறைத்தோழன் ஒரு மருத்துவ மாணவன். கரண்ட் போனால் மொட்டைமாடியில் அரிக்கேன் வெளிச்சத்தில் கைட்டனை வாய்விட்டுப் படிப்பான். ஒருநாள் சட்டென்று நிறுத்தி, “டேய், இதயம் முதலாளி இல்லடா” என்றான். சும்மா இருக்கும்போது இதயம் தள்ளுவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். ஓடினால் பல மடங்கு. அந்த அளவை முடிவு செய்வது பெரும்பாலும் இதயம் அல்ல. உழைக்கும் தசைக்கு ஆக்சிஜன் போதாவிட்டால் அங்கே ரத்தக்குழாய் விரிகிறது, திரும்பி வரும் ரத்தம் கூடுகிறது; வந்ததைத் தள்ளிவிடுவது இதயத்தின் வேலை. நீண்டகால ரத்த அழுத்தத்துக்கும் அவர் கைகாட்டியது இதயத்தை அல்ல, உப்பையும் நீரையும் வெளியேற்றும் சிறுநீரகத்தை. ஒரே மூளை எழுதியதால்தான் சிறுநீரக அத்தியாயத்துக்கு இதய அத்தியாயம் என்ன சொன்னதென்று தெரிகிறது. பத்துப்பேர் பங்கு போட்டு எழுதும் தடிப்புத்தகங்களில் இது நடக்காது. அவை தகவல் கிடங்குகள், அவ்வளவுதான்.

மருந்து, சிகிச்சை பற்றிய பகுதிகளைப் பழைய பதிப்பில் நம்பவேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். அதுசரி, நீங்கள் ஏன் படிக்கவில்லை? அவள் தலையில் கட்டவா வாங்கினீர்கள்? எளிமையான ஆங்கிலம்தான். இதய வெளியீட்டு (கார்டியாக் அவுட்புட், அதாவது இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் ரத்த அளவு) அத்தியாயத்தில் தொடங்குங்கள். சிறுநீரகத்துக்கு அவசரப்படாதீர்கள், என் அறைத்தோழனே அங்கே வந்தால் தூங்கிவிடுவான்.